நாய் வயித்துல நெய் மட்டுமா தங்காது?

மாசி, பங்குனியில் மதுரை மாவட்டத்து எழுமலைப் பக்கம் போனால் திண்ணைக்குத் திண்ணை புளி தட்டிக்கொண்டிருப்பார்கள். ஓடு ஒரு பக்கம், நார் ஒரு பக்கம், கொட்டை ஒரு பக்கம். கை தவறிச் சிந்துவதற்குக் காத்துக்கொண்டு கீழே ஒரு நாய் படுத்திருக்கும். அமெரிக்காவில் கால்நடை மருத்துவர்கள் இருபது வருடம் தலையைப் பிய்த்துக்கொண்ட ஒரு மர்மத்துக்கான துப்பு அந்தப் புளிக்கூடையில் இருந்தது தெரியுமா?

கதை திராட்சையில் ஆரம்பிக்கிறது. திராட்சையோ உலர்திராட்சையோ தின்ற சில நாய்களுக்கு முதலில் வாந்தி வரும், பிறகு கழிசல். இரண்டு மூன்று நாளில் சிறுநீரகம் படுத்துவிடும். அமெரிக்காவின் விலங்கு நச்சு மையத்து மருத்துவர்கள் 2001இல் இதை எழுதி வெளியிட்டார்கள். ஆனால் நஞ்சு எது? பூச்சிமருந்தா என்று பார்த்தார்கள், பூஞ்சையா என்று பார்த்தார்கள், ஒன்றும் சிக்கவில்லை. அதைவிடக் குழப்பம் என்னவென்றால், ஒரு நாய் குலையோடு விழுங்கிவிட்டு வாலாட்டிக்கொண்டு நிற்கும், இன்னொன்று நாலைந்து தின்றுவிட்டுச் செத்துப்போகும்!

முடிச்சு அவிழத் தொடங்கியது 2021இல். பிள்ளைகள் விளையாட வீட்டிலேயே பிசைந்த வண்ண மாவை ஒரு நாய் தின்றுவிட்டது. திராட்சை தின்ற நாய்க்கு வருகிற அதே சிறுநீரகக் கோளாறு அதற்கும். மாவில் திராட்சை கிடையாது. ஆனால் மாவு பதமாக வருவதற்காக க்ரீம் ஆஃப் டார்ட்டர் என்ற உப்பைச் சேர்த்திருந்தார்கள். அதற்குள் இருப்பது டார்டாரிக் அமிலம். திராட்சையிலும் அதுதான் இருக்கிறது! ரகத்துக்கு ரகம், பழுத்த பக்குவத்துக்குப் பக்குவம் அந்த அமிலத்தின் அளவு மாறும் என்பதால்தான் ஒரு நாய் தப்பித்து இன்னொன்று விழுந்தது என்று கணக்கும் நேரானது. அடுத்து வந்த ஆய்வுக் கட்டுரையில் இன்னொரு பண்டத்தைத் தின்று சிறுநீரகம் கெட்ட நாய்களும் வரிசையில் சேர்ந்தன. அந்தப் பண்டம் புளி!

திராட்சையில் டார்டாரிக் அமிலம் நூற்றுக்கு 2 பங்கைத் தாண்டுவது அபூர்வம். புளியின் சதையில் அது 8 முதல் 18 பங்கு வரை போகும். நமக்கு நாக்கில் எச்சில் ஊறவைக்கிற அதே அமிலத்தை வெளியேற்றுகிற வசதி நாயின் சிறுநீரகத்துக்குப் போதவில்லை என்பது இப்போதைய விளக்கம். இனி புளி தட்டும்போது நாயைக் கொஞ்சம் தள்ளிப் படுக்கச் சொல்லுங்கள்.

இதில் ஒரு வேடிக்கை. எழுமலையில் நின்று மேற்கே பார்த்தால் தெரிகிற மலைகளுக்கு அந்தப் பக்கம் கம்பம் பள்ளத்தாக்கு. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய பன்னீர் திராட்சை விளைகிற மண் அது. தமிழ்நாட்டின் முரட்டுக் காவல் நாய்க்குப் பெயர் கொடுத்த கோம்பை எங்கே இருக்கிறது? அதே பள்ளத்தாக்கில்தான்! நாயையும் நாய்க்கு ஆகாததையும் ஒரே இடத்தில் வைத்திருக்கிறது இயற்கை.

சரி, பழமொழிக்கு வருவோம். "நாய் வயித்துல நெய் தங்குமா?" ரகசியம் காக்கத் தெரியாதவனைக் குத்திக்காட்டுவதற்கு நாம் எடுத்து வீசுகிற இந்த வசனம் சுத்தமான கால்நடை மருத்துவம் என்பது தெரியுமா? கொழுப்பைக் கரைக்கும் நொதியைச் சுரப்பது கணையம். அந்த நொதிகள் குடலுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் விழித்துக்கொள்ள வேண்டும். பழக்கமில்லாத நாய்க்கு ஒரே மூச்சில் கொழுப்பைக் கொட்டினால், சில சமயம் அவை கணையத்துக்குள்ளேயே விழித்துக்கொண்டு கணையத்தையே செரிக்கத் தொடங்கிவிடும். தன்னைத் தானே தின்னும் உறுப்பு! வலி தாங்காமல் நாய் முன்னங்கால்களை நீட்டி நெஞ்சைத் தரையில் வைத்து, பின்புறத்தை மட்டும் தூக்கிக்கொண்டு நிற்கும். பார்ப்பதற்குக் கும்பிடுகிற மாதிரி இருக்கும், விளையாடக் கூப்பிடுகிற மாதிரியும் இருக்கும். இரண்டும் இல்லை.

மதுரைச் சீமையில் இதற்கென்றே ஒரு நாள் உண்டு. அது கிடாவெட்டுக்கு மறுநாள். திருமங்கலம் பக்கத்து வடக்கம்பட்டியில் முனியாண்டி சாமிக்குப் பிரியாணியே பிரசாதம் என்றால் மற்ற ஊர்களில் கேட்கவா வேண்டும்? எலும்பும் கொழுப்பும் வாளி வாளியாக வெளியே வரும். தெருநாய்க்கு ஒரு நாள் தீபாவளி. அடுத்த இரண்டு நாள் ஊரெல்லாம் கக்கிவைத்திருக்கும். பச்சை எலும்பைவிட வெந்த எலும்பு மோசம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வெந்த கோழி எலும்பு நொறுங்கும்போது ஊசி ஊசியாகப் பிளக்கும்.

நெய்தான் தங்காது. சோறு எப்படித் தங்குகிறது? ஓநாய் மாமிசப் பிராணி, அதன் வழிவந்த நாய் மட்டும் பழைய சோற்றையும் களியையும் வழித்துத் தின்கிறதே! இதற்கு விடை 2013இல் கிடைத்தது. மாவுச்சத்தை உடைக்கும் அமிலேஸ் நொதிக்கான மரபணு ஓநாயிடம் இரண்டே பிரதி. நாயிடம் 4 முதல் 30 பிரதி வரை! மனிதன் தானியம் விதைக்கத் தொடங்கியதும் அவன் குப்பைமேட்டில் மிஞ்சியதைத் தின்று தின்று நாயின் மரபணுவே மாறியிருக்கிறது. விவசாயத்தோடு வளராத ஆஸ்திரேலிய டிங்கோ இன்றும் இரண்டு பிரதியிலேயே நிற்கிறது. எழுமலைத் தெருநாயின் உடம்பில், அது ஒரு குடியானவன் வீட்டு வாரிசு என்று எழுதி வைத்திருக்கிறது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஆனாலும் அந்த நொதி நாயின் எச்சிலில் கிடையாது. நாம் சோற்றை மெல்லும்போதே செரிமானம் தொடங்கிவிடுகிறது. நாய் மெல்லுவதே இல்லை, விழுங்குகிறது. வேலை முழுக்க வயிற்றுக்கும் கணையத்துக்கும்தான். பால் விஷயத்தில் நிலைமை நேர்மாறு. குட்டியாக இருக்கும்போது பால்சர்க்கரையை உடைக்கிற நொதி நிறைய இருக்கும், வளர வளரக் குறைந்துவிடும். 'பாவம், நாய்க்கு வயிறு சரியில்லை' என்று பால்சோறு பிசைந்து வைக்கிறோமே, பல நாய்களுக்கு அதுவேதான் கழிசலைக் கூட்டுகிறது!

நாய் கக்குகிறதே, அதில் இரண்டு வகை இருப்பது தெரியுமா? வயிறு குலுங்கிக் குலுங்கி, உறுமிக்கொண்டு, மஞ்சளாகவோ நுரையாகவோ வந்தால் அது வாந்தி. தலையைச் சும்மா தாழ்த்தியதும் தின்றது தின்றபடி உருளையாக வந்து விழுந்தால் அது வாந்தியே இல்லை, வயிற்றைச் சேராமல் உணவுக்குழாயிலிருந்தே திரும்பிவிட்டது என்று அர்த்தம். மருத்துவர் இந்த ஒன்றைக் கேட்டே பாதி வழக்கை முடித்துவிடுவார். இன்னொரு அதிசயம், ஓநாய்க் கூட்டத்தில் வேட்டைக்குப் போய்வந்தவை குட்டிகளுக்கு இரையைக் கக்கித்தான் ஊட்டும். வீட்டு நாயிலும் சில தாய்கள் குட்டி முன்னால் கக்கிவைப்பதைப் பார்க்கலாம். அது நோய் இல்லை, ஊட்டிவிடுதல்!

புல் தின்பதும் அப்படித்தான். அருகம்புல்லைத் தேடிக் கடித்தால் 'வயிறு சரியில்லை, அதுவே வைத்தியம் பார்த்துக்கொள்கிறது' என்று சொல்வோம். கலிபோர்னியாவில் நாய் வளர்ப்பவர்களிடம் விசாரித்து 2008இல் ஒரு ஆய்வு வந்தது. புல் தின்னும் முன் சோர்ந்திருந்தவை பத்தில் ஒன்றுக்கும் குறைவு. தின்ற பிறகு கக்கியவை நாலில் ஒன்றுக்கும் குறைவு. மற்றதெல்லாம் ஆசைக்குத் தின்றவை.

நம் உடம்பின் செரிமானத்தை நமக்குச் சொல்லிக்கொடுத்ததே நாயின் வயிறுதான் என்றால் நம்புவீர்களா? மணியடித்ததும் எச்சில் ஊறிய பாவ்லோவின் நாய் எல்லோருக்கும் தெரியும். ஆனால் பாவ்லோவுக்கு 1904இல் நோபல் கிடைத்தது செரிமான ஆய்வுக்காக. அவருடைய ஆய்வகம் நாயின் வயிற்றில் ஊறிய அமிலநீரை வடித்துக் குப்பியில் அடைத்து, அஜீரணக்காரர்களுக்கு மருந்தாக விற்றது என்பது இன்னும் கொஞ்சம் அதிர்ச்சி! 1902இல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர் ஒரு நாயின் குடலில் கண்டுபிடித்த செக்ரடின்தான் 'ஹார்மோன்' என்ற வார்த்தை பிறக்கவே காரணம். 1889இல் கணையத்தை எடுத்த ஒரு நாயின் மூத்திரத்தில் சர்க்கரை வந்ததைக் கவனித்த பிறகுதான் சர்க்கரை நோயின் வேர் எங்கே என்று மனிதனுக்கே தெரிந்தது. இன்சுலின் போட்டுக்கொள்கிற ஒவ்வொருவரும் ஏதோ ஒரு நாய்க்குக் கடன்பட்டிருக்கிறோம்.

இனி கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். மக்காச்சோளக் கதை இது.

1974ஆம் வருடம். குஜராத்தின் பஞ்சமகால், ராஜஸ்தானின் பான்ஸ்வாரா மாவட்டங்களில் பழங்குடி ஊர்கள். கதிர் நிற்கிற நேரத்தில் பருவம் தப்பிய மழை. நனைந்த சோளத்தை அப்படியே வீட்டில் கொட்டிவைத்தார்கள், அதைத்தான் சாப்பிட்டார்கள். கண்ணும் உடம்பும் மஞ்சள் பூத்தது, வயிற்றில் நீர் கோத்தது. நூறு பேருக்கு மேல் செத்தார்கள். அதே வீடுகளில் அதே சோளத்தைப் பங்கிட்டுத் தின்ற நாய்களுக்கும் அதே மஞ்சள், அதே வீங்கிய வயிறு, அதே சாவு! சோளத்தில் பிடித்த பச்சைப் பூஞ்சை சுரந்த அஃப்ளடாக்சின் என்ற நஞ்சுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. கல்லீரலை நேராகத் தாக்குகிற நஞ்சு அது. நாய்க்கு அதைத் தாங்கும் சக்தி மிகக் குறைவு. 1950களிலேயே அமெரிக்காவில் பூசணம் பிடித்த தீனி தின்ற நாய்கள் காரணம் தெரியாமல் செத்திருக்கின்றன. இன்ன நஞ்சு என்று பெயர் வைக்கவே 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேல் வான்கோழிகள் சாக வேண்டியிருந்தது. அவை தின்றது கடலைப் பிண்ணாக்கு.

மக்காச்சோளம், கடலை, பருத்தி. எழுமலையைச் சுற்றி மானாவாரிக் காட்டில் விளைவதும் இவைதானே! மனுஷனுக்கு ஆகாது என்று ஒதுக்கிய பூத்த கடலையை 'நாய்க்குப் போடு' என்று சொல்கிற வழக்கத்தை இன்றோடு விட்டுவிடலாம். சோளம் நல்ல சோளமாகவே இருக்கட்டும், மணியை உதிர்த்த வெறுங்கதிர் இருக்கிறதே, அதுவும் ஆபத்துதான். துண்டு துண்டாக விழுங்குகிற நாய்க்கு அது செரிக்காமல் குடலில் கார்க் மாதிரி அடைத்துக்கொள்ளும். எக்ஸ்ரேயில்கூடச் சரியாகத் தெரியாமல் டாக்டரை ஏமாற்றும். சித்திரை, வைகாசியில் அதே வேலையை மாங்கொட்டை பார்க்கும். பருத்திக்கொட்டை? மாட்டின் பெருவயிறு அதிலுள்ள காசிபால் என்ற நஞ்சை அடக்கிவிடும். நாய்க்கு அந்த வயிறு ஏது? பருத்திக்கொட்டையைப் படுக்கையாக விரித்த இடத்தில், அதைத் தின்ற நாய்கள் செத்த சம்பவம் வெளிநாட்டில் பதிவாகியிருக்கிறது. மாட்டுத்தொட்டியில் நாய் வாய் வைப்பதைத் தடுக்க இதுவும் ஒரு காரணம்.

எந்த மாட்டாஸ்பத்திரி வாசலிலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம்.

"ரெண்டு நாளாக் கழியுது தம்பி. இரை எடுக்க மாட்டேங்குது."

"என்ன போட்டீங்க பாட்டி?"

"என்னத்தப் போட்டேன், நாங்க திங்கிறதத்தேன்!"

அந்த 'நாங்க திங்கிறது' என்பதற்குள் சின்ன வெங்காயம் இருக்கிறது. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். வேகவைத்தாலும் வதக்கினாலும் அந்தக் குணம் போகாது. உடல் எடையில் நூற்றுக்கு அரைப் பங்கைத் தாண்டினால் பாதிப்பு தெரியத் தொடங்கும், அதாவது 20 கிலோ நாய்க்கு 100 கிராம். ஒரு நாள் குழம்புச் சோற்றில் அவ்வளவு சேராமல் போகலாம். தினமும் குழம்புச் சோறு என்றால்? ஈறு வெளுத்து, மூத்திரம் காப்பி நிறத்தில் போன பிறகுதான் நமக்கு உறைக்கும். சாக்லேட்டையும் சொல்லிவிடுகிறேன். அதிலுள்ள தியோபுரோமின் பாதியாகக் குறையவே நாய்க்குப் பதினேழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கறுப்பு சாக்லேட்டானால் இன்னும் மோசம்.

ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை வந்தது தெரியுமா? 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல்துறை நான்கு வகை நாட்டு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது அந்த வெள்ளை வீரனும் அதில் இருந்தான். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் ஒடுங்கிய இடுப்பும் ஆழமான நெஞ்சும் கொண்ட ஓட்டக்கார உடம்பு. ஓடுவதற்கு உதவுகிற அந்த ஆழ நெஞ்சுக்கு ஒரு விலை உண்டு. நெஞ்சு ஆழமான நாய்களுக்கு வயிறு உப்பி அப்படியே முறுக்கிக்கொள்கிற அபாயம் கூடுதல். இரைப்பை பம்பரம் மாதிரி திரும்பி இரண்டு வாசலும் மூடிவிடும். கக்க முயலும், ஒன்றும் வராது. வயிறு மத்தளமாகும். நாளைக்குப் பார்க்கலாம் என்றால் நாய் இருக்காது, சில மணி நேரம்தான் கணக்கு. ஒரே வேளையில் தட்டு நிறையப் போட்டுவிட்டு உடனே ஓடவிடாதீர்கள், இரண்டு வேளையாகப் பிரித்துப் போடுங்கள்.

இப்போது நாய் வளர்ப்பவர்கள் பெயரைச் சொல்லவே பயப்படுகிற ஆள். பார்வோ! இந்த நோய் பழங்காலத்து நோய் இல்லை தெரியுமா? 1978க்கு முன் உலகத்துக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பூனைகளைக் கொன்றுகொண்டிருந்த வைரஸுக்கு உறவுக்காரன், உருமாறி நாய்க்குத் தாவி, இரண்டே வருடத்தில் உலகைச் சுற்றிவிட்டான். கப்பலும் விமானமும் ஏறி நாய் போக வேண்டியதில்லை, செருப்பில் ஒட்டிய மண் போதும். 1980களின் தொடக்கத்திலேயே சென்னையின் கால்நடை மருத்துவர்கள் இதை அடையாளம் கண்டு எழுதிவிட்டார்கள்.

பார்வோ எதைத் தாக்குகிறது என்பதில்தான் அதன் கொடூரம். குடலின் உட்சுவர் சில நாளுக்கு ஒருமுறை தோலுரித்துப் புதுசாகிக்கொண்டே இருக்கும். அந்தப் புதுத்தோலைப் பிறப்பிக்கிற செல்களை அது அழிக்கிறது. பழையது உதிர்ந்துவிடும், புதியது வராது. குடல் வெறும் புண்ணாகி, ரத்தக் கழிசலாகப் போகும். ஒருமுறை அந்த வாடை மூக்கில் ஏறினால் மறக்காது. கூடவே வெள்ளை அணுக்களும் சரிந்துவிடுவதால் குடலில் இருக்கிற கிருமி ரத்தத்தில் ஏறும். சிகிச்சை இல்லாவிட்டால் பத்துக் குட்டியில் ஒன்று பிழைப்பதே அபூர்வம். நேரத்தோடு கொண்டுபோய் டிரிப் ஏற்றிப் பார்த்துக்கொண்டால் எட்டு, ஒன்பதுகூடத் தேறும்! வித்தியாசம் முழுக்க உப்பும் தண்ணீரும் நேரமும்தான்.

செத்த குட்டியைப் புதைத்துவிட்டு அதே கொட்டிலில் புதுக்குட்டியைக் கட்டுகிறார்களே, அதை நினைத்தால் எனக்குப் பதறுகிறது. அந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில், சில இடத்தில் ஒரு வருடம் கடந்தும் உயிரோடு கிடக்கும். சோப்புக்கும் சானிடைசருக்கும் மசியாது. பிளீச்சிங் பவுடர் கரைசலுக்கு மசியும். தடுப்பூசி ஒன்று போட்டோம் போதும் என்பதும் தப்புக்கணக்கு. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பு தீரும்வரை ஊசி முழுசாகப் பிடிக்காது, அது என்றைக்குத் தீரும் என்பதோ குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஆறு, எட்டு வாரத்தில் தொடங்கி பதினாறு வாரம் ஆகிறவரை இடைவெளி விட்டு விட்டுப் போடச் சொல்கிறார்கள்.

குட்டி பிறக்கும்போதே வயிற்றில் பூச்சியோடு பிறக்கலாம் என்பது தெரியுமா? உருண்டைப்புழுவின் இளம்புழு தாயின் தசைக்குள் தூங்கிக்கொண்டிருக்கும். சினை பிடித்ததும் விழித்து, கருப்பைக்குள்ளேயே குட்டிக்குப் போய்விடும்! பூச்சிமருந்தை இரண்டு வார வயதிலேயே தொடங்குவது இதனால்தான். பின்புறத்தில் காய்ந்த அரிசி மாதிரி, வெள்ளரி விதை மாதிரி ஒட்டியிருந்தால் அது நாடாப்புழுவின் துண்டு. அது வந்த வழி சாப்பாடு இல்லை, தெள்ளுப்பூச்சி. கடிக்கிற தெள்ளைப் பல்லால் கடித்து விழுங்குகிறதே, அப்படித்தான் உள்ளே போகிறது.

ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நாயை இல்லை, அது போனதை! நிறையத் தண்ணீராகவோ, தார் மாதிரி கறுப்பாகவோ இருந்தால் கோளாறு மேலே, சிறுகுடல் பக்கம். கொஞ்சம் கொஞ்சமாக, முக்கி முக்கி, சளியும் பச்சை ரத்தமுமாகப் போனால் கீழே, பெருங்குடல் பக்கம். உதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்துங்கள். வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் சிவக்க வேண்டும். பிடரித் தோலை இழுத்து விட்டால் சட்டென்று படிய வேண்டும், கூடாரம் மாதிரி நின்றால் உடம்பில் தண்ணீர் இல்லை. வளர்ந்த நாய், ஒன்றிரண்டு முறை இளகிப் போனது, துள்ளல் குறையவில்லை என்றால் குழைந்த சோறும் தோல் உரித்து வேகவைத்த கோழியும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து ஒரு நாள் பார்க்கலாம். மஞ்சள், மசாலா, வெங்காயம் எதுவும் வேண்டாம். குட்டியானால், ரத்தம் தெரிந்தால், தண்ணீர்கூடத் தங்காவிட்டால் காத்திருக்கவே கூடாது. மெடிக்கலில் நமக்கு வாங்குகிற வலிமாத்திரையை மட்டும் உடைத்துப் போட்டுவிடாதீர்கள். இபுபுரூஃபன் நாயின் இரைப்பையைப் புண்ணாக்கிவிடும். பாராசிட்டமால் கல்லீரலைப் பதம் பார்க்கும். எழுமலைக்காரர்களுக்கு உசிலம்பட்டி கிட்டத்தில் இருக்கிறது, மேற்கே தேனியில் 2020இலிருந்து ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

கடைசியாக ஒன்று. நாய் காலைக்கடன் கழிக்கும் முன் வட்டம் வட்டமாகச் சுற்றுகிறதே, ஏன் தெரியுமா? 2013இல் ஜெர்மனி, செக் நாட்டு ஆய்வாளர்கள் 70 நாய்களை இரண்டு வருடம் பின்தொடர்ந்து, 1,893 முறை அவை மலம் கழித்ததைத் திசையோடு குறித்துவைத்தார்கள். பூமியின் காந்தப்புலம் அமைதியாக இருக்கும் நேரத்தில் அவை வடக்கு தெற்காகவே உட்காருகின்றன என்று சொன்னார்கள்! சிரிக்கவைத்துப் பிறகு யோசிக்கவைக்கிற இக் நோபல் பரிசு மறுவருடமே கிடைத்தது. எழுமலையில் திசைகாட்டி தேவையில்லை, மலை இருக்கிற பக்கம் மேற்கு. நாளைக் காலையில் பின்னால் போய்ப் பாருங்கள். தலை எந்தப் பக்கம் என்று பார்த்த கையோடு, குனிந்து நிறம் என்ன என்றும் பார்த்துவிடுங்கள்.